மாத்திரைக்குக் கொசுறு

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என் பேரைப் போட்டியே, கொசுறா பேரப் பசங்க பேரையும் போட்டா குறைஞ்சா போயிடுவ?" என்று கேட்பார். கேட்கக்கூடியவர்தான். அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

மரக்காணத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் சில வருஷம் வேலை பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பெருமுக்கல் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு எல்லாம் கணக்காக இருக்க வேண்டும். பத்து மாத்திரை என்றால் பத்து, பதினொன்று இல்லை. சாம்பாருக்குப் பருப்பைக்கூட டம்ளரால் அளந்து போடுகிறவள் என்று என் மாமியார் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அக்கா இதற்கு நேர் எதிர். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. அம்பது வயசு இருக்கும். எந்தப் பொருளும் சொன்ன அளவோடு முடிந்துவிட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. பூக்காரம்மா முழம் போட்டு நறுக்கப் போகும்போது, "நில்லு, இன்னும் ரெண்டு கண்ணி விட்டு அறு" என்பார். மீன் வாங்கினால் கூறுக்கு மேலே இரண்டு பொடி மீன் விழ வேண்டும். கோயிலில் சுண்டல் வாங்கிய கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டுவார். லேபில் ரத்தம் எடுத்த பெண்ணிடம், "இவ்ளோ ரத்தம் எடுத்தியே, கொசுறா சுகரையும் பாத்துடும்மா" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

அவர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பின்னாலேயே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. இரட்டை என்று ஸ்கேனில் ஆறு மாசம் முன்பே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அக்கா கடை கடையாக வந்து, "பேரன் பொறந்தான். கொசுறா ஒரு பேத்தி. கேட்டு வாங்குனது" என்றார்.

வாங்குவதில் மட்டும்தான் இப்படி என்றால் நான் இவரைப் பற்றி எழுதவே மாட்டேன். கொடுப்பதிலும் அப்படித்தான். உப்பளத்தில் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி உப்பு கொடுப்பார்கள். அதில் எனக்கும் ஒரு பை கொண்டு வருவார். பை நிறைய இருக்கும். அதற்கு மேலே தனியாக ஒரு கை உப்பை என் டிபன் பாக்ஸ் மூடியில் கொட்டுவார். "பைல இருக்குறதே போதும்க்கா" என்றால், "கொசுறு இல்லாம குடுத்தா ஏதோ சண்டை போட்டுட்டு வந்த மாதிரி இருக்குது பாப்பா" என்பார். எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. மருந்துக்கடையில் நிற்கிற பெண்கள் எல்லாரும் அவருக்குப் பாப்பாதான்.

அப்படிப்பட்டவருக்குத் தைராய்டு வந்தது.

மண்டையைப் பிளக்கிற வெயிலில் பாத்தியில் நின்றுகொண்டு, "இன்னாடி இப்படிக் குளிருது" என்றாராம். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் முகம் உப்பியது, முடி கொத்துக்கொத்தாக வந்தது, கூடையைத் தூக்கினால் கை கால் ஓய்ந்து போனது. அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, தைராய்டு சுரப்பது குறைந்துவிட்டது, அந்தக் குறையை மாத்திரையால் நிரப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். தினம் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று.

சீட்டோடு வந்த அக்காவுக்கு முதல் சந்தேகம் இதுதான்: "நான் உப்புலயே கிடக்கறேன். எனக்கு எப்படி தைராய்டு வரும்?"

உப்புக்கும் இவருக்கு வந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று புரிய வைக்கவே பத்து நிமிஷம் ஆனது. பிறகு பாட்டிலை எடுத்து வைத்து, எனக்குப் பிடித்த வேலையைத் தொடங்கினேன். அதாவது கட்டளை போடுவது.

"காலைல எழுந்ததும் வெறும் வயித்துல போடணும்க்கா. தண்ணில மட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் சேத்து ரெண்டா போடக் கூடாது. நல்லா ஆயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. யாருக்கும் குடுக்கவும் கூடாது. இது உங்க அளவுக்குத் தச்ச ஜாக்கெட் மாதிரி."

"நாலு மணிக்கு எழுந்து டீ குடிக்காம உப்பளத்துக்கு எப்படிப் போறது?"

"போய்க் குடிங்க."

"அங்க டீக்காரன் வர அஞ்சரை ஆவுமே."

"நல்லதாப் போச்சு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகினார். ஆனால் நகரவில்லை.

"இன்னாக்கா?"

"கொசுறு?"

"சீல் போட்ட பாட்டில்ல எங்கேர்ந்துக்கா கொசுறு?"

"அது உன் பாடு."

பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் இருமுகிற குழந்தை. மேஜைக்கடியில், மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் இலவசமாகத் தந்துவிட்டுப் போன கால்சியம் மாத்திரை ஒரு பெட்டி நிறைய கிடந்தது. ஆளை அனுப்பினால் போதும் என்று மூன்று அட்டையை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்க. எலும்புக்கு நல்லது. தினம் ஒண்ணு."

"எப்ப போடறது?"

"காலைல போடுங்க" என்று அவரைப் பார்க்காமலே சொன்னேன். அடுத்தவர் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் மாத்திரைகளைப் பாட்டிலிலிருந்து கொட்டி முந்தானையில் முடிந்துகொண்டு உப்பளத்துக்குப் போனார். வேர்வையும் உப்புத் தண்ணீரும் பட்டு எல்லாம் மாவானது. அந்த மாவை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்து, "இதை மறுபடி மாத்திரையாத் தட்டித் தருவியா?" என்று கேட்டார். வேறு பாட்டில் எடுத்துக் கொடுத்து, மாத்திரை பாட்டிலிலேயே இருக்க வேண்டும், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்று கத்தினேன். அதற்கப்புறம் பாட்டிலை வீட்டில் பல்பொடி டப்பா பக்கத்தில் வைத்துக்கொண்டார். பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்துவிடுமாம். நல்ல யோசனைதான், ஆனால் நான் பாராட்டவில்லை. பாராட்டினால் அதற்கும் கொசுறு கேட்பார்.

டீ விஷயத்தில்தான் அவர் என்னை ஆச்சரியப்படுத்தினார். அஞ்சரைக்கு முன்னால் ஒரு சொட்டுக் குடிப்பதில்லை. ஒரு நாள் டீக்காரர் சீக்கிரமே வந்துவிட்டாராம். இவர் டீயைக் கையில் வாங்கி வரப்பின் மேல் வைத்துவிட்டு, போனில் மணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். "ஆறிப்போன டீயைக் குடிச்சேன் பாப்பா, உன்னால" என்று கடைக்கு வந்து சண்டை போட்டார்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்ட மாதிரியே தெரியவில்லை. டாக்டர் ஐம்பதை எழுபத்தைந்தாக்கினார். அடுத்த தடவையும் சரியாகவில்லை, நூறாக்கினார். ஒவ்வொரு தடவையும் பழைய பாட்டிலில் மிஞ்சியதை அக்கா ஒழுங்காக என்னிடம் கொண்டு வந்து ஒப்படைத்தார். ஒப்படைத்ததற்கு ஒரு கால்சியம் அட்டை, புது பாட்டிலுக்கு இரண்டு அட்டை. நடுவில் தீர்ந்தாலும் வந்து கேட்டு வாங்கிக்கொள்வார். அப்புறம் அந்த ரெப் வருவது நின்றது. பெட்டி காலியானது. "இனிமே கொசுறு கிடையாதுக்கா" என்று கையை விரித்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம்தான் அக்கா மாறினார். முகம் வடிந்தது. இடுப்பு சிறுத்தது. வரப்பில் நடையும் ஓட்டமுமாகப் போனார். மற்றவர்கள் இரண்டு கூடை கொட்டுவதற்குள் மூன்று கொட்டினார். உப்பளத்துப் பெண்களுக்குப் பொறாமை. அவர்களில் ஒருத்தி கடைக்கே வந்து, "அக்கா இளைக்கறதுக்குப் போடுதே அந்த மாத்திரை, அதுல ஒரு பாட்டில் குடு" என்றாள். அது இளைக்கிற மாத்திரை இல்லை, தைராய்டு ஒழுங்காக இருக்கிறவள் போட்டால் நெஞ்சு படபடத்து இதயம் கெட்டுப்போகும் என்று மிரட்டி அனுப்பினேன். அவள் விடாமல் அக்காவிடமே போய், "நீதான் எல்லாத்துக்கும் கொசுறு குடுப்பியே, ரெண்டே ரெண்டு குடு" என்று கேட்டிருக்கிறாள்.

"போட்டிருக்கிற ஜாக்கெட்டை அவுத்துக் குடுன்னு கேக்கறியாடி?" என்று அக்கா விரட்டினாராம். அவள் கடைக்கு வந்து புலம்பித்தான் எனக்கே தெரியும்.

அக்கா கொசுறு கொடுக்காத பொருள் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். இதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நாலு பெண்கள் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சேலை முழங்கால் வரை நனைந்து உப்புப் பூத்திருந்தது. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வரும்போது நெஞ்சு அடித்துக்கொண்டதாம். கூடை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் பாத்திக்குள் விழுந்திருக்கிறார். கையை மேஜை மேல் வைத்தார். விரல்கள் நடுங்கின. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், எண்ண முடியாத வேகம்.

எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணு."

"பொய் சொல்லாதீங்க. ஒண்ணு போட்டா இப்படி ஆவாது. கொசுறு போட்டீங்களா?"

"இல்ல பாப்பா."

"சுண்டல்லேர்ந்து ரத்தம் வரைக்கும் கொசுறு கேக்கறவங்க நீங்க. மாத்திரையை விட்டுடுவீங்களா? உயிரோட வெளையாடறீங்களாக்கா?"

நாலு பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிரித்தே விட்டாள். வாய் ஓயாத அந்த மனுஷி தலையைக் குனிந்துகொண்டு நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதலாளியைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆட்டோவில், வழியில் அவர் வீட்டிலிருந்து மாத்திரைப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். உள்ளே உடனே ஈசிஜி எடுத்தார்கள். அது முடிந்து டாக்டர் கூப்பிடுவதற்காக நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் மடியில் போட்டார்.

"எண்ணு."

எண்ணினேன். நூறு மாத்திரை பாட்டில், டாக்டர் அளவை நூறாக்கிய பிறகு வாங்கியதில் இரண்டாவது. அதை விற்ற தேதி என் போனில் இருந்தது. அன்றோடு நாற்பத்தொரு நாள். ஒரு நாள்கூட விடாமல், ஒன்றுகூடக் கூடாமல் போட்டிருந்தால் ஐம்பத்தொன்பது இருக்க வேண்டும்.

ஐம்பத்தொன்பது இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். அப்போதும் ஐம்பத்தொன்பது.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். ஈசிஜியில் துடிப்பு வேகமாக இருக்கிறதே தவிர வேறு கெடுதல் இல்லை என்றார். உட்கார வைத்து நிதானமாகக் கேட்டார். "நூறு ஒண்ணுதானே போடறீங்க? வேற எதாவது மாத்திரை சேத்துப் போடறீங்களா?"

"வேற எதுவும் இல்லம்மா. கொசுறு மட்டும்தான் போட்டுட்டிருந்தேன். அதுவும் இப்ப ரெண்டு மாசமா பாப்பா குடுக்கறதில்ல."

"கொசுறா?"

அக்கா சுருக்குப்பையை அவிழ்த்தார். காலியான ஒரு கால்சியம் அட்டையை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார். புது ரெப் யாராவது வந்தால் காட்டிக் கேட்பதற்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாராம்.

"இதை எப்ப போட்டீங்க?"

"காலைலதாம்மா. ரெண்டையும் ஒரே வாய் தண்ணில. பாப்பா அப்படித்தான் சொல்லுச்சு."

எனக்குக் காது இரண்டும் சூடானது. கால்சியம் தைராய்டு மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது வேண்டும். இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். என் கொசுறு பாதி மாத்திரையைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. அது தெரியாமல் டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். கொசுறு நின்றதும் ஏற்றி வைத்த நூறும் முழுசாக அக்காவின் உடம்பில் இறங்கிவிட்டது. இளைப்பு, ஓட்டம், நடுக்கம் எல்லாம் அதுதான்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன்" என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நானும் முதல்லயே கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அளவைப் பழையபடி ஐம்பதாகக் குறைத்து எழுதினார். மறுநாள் மாத்திரையே வேண்டாம், அதற்கடுத்த நாளிலிருந்து புது அளவு, இரண்டு நாள் வெயிலுக்குப் போகக்கூடாது, படபடப்பு கூடினால் அந்த நிமிஷமே வர வேண்டும், ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "சும்மா வா" என்றார். அப்போதுதான் எல்லாமே புரிந்திருக்கிறது என்று தெரிந்தது.

கடை வாசலில் அந்த நாலு பெண்களும் காத்திருந்தார்கள்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் உப்பளம் முழுக்கப் பரவிவிடும். மாத்திரை எப்படிப் போடுவது என்று கேட்டு எனக்கு முன்னால் வந்து நிற்கிற ஒருத்திகூட இனி நிற்க மாட்டாள். முதலாளி வேறு மேஜைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்வாங்க? ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தா நான் கொசுறா இன்னொண்ணு போட்டுட்டேன். பாப்பா சொன்னதுதான் சரி."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நெனைச்சோம்" என்றார்கள். நம்பாமல் இருக்க யாருக்கும் காரணம் இல்லை. அத்தனை வருஷமாகச் சம்பாதித்து வைத்திருந்த பெயரை எடுத்து அப்படியே எனக்குக் கொடுத்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

நாலு நாள் அப்படியே ஓட்டினேன். ஐந்தாவது நாள், கைப்பாணிகுப்பத்து மீனவர் வீட்டு அம்மா ஒருவர் தைராய்டு பாட்டிலும் கால்சியம் அட்டையும் சேர்த்து வாங்கினார். "ரெண்டையும் காலைலயே முழுங்கிட்டா வேலை முடிஞ்சிடுது" என்றார், வெகு சாதாரணமாக.

அப்போது கடையில் கூட்டம். அந்த நாலு பெண்களில் இரண்டு பேர் இருந்தார்கள். முதலாளியும் இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நிற்கவில்லை, அவ்வளவுதான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தைராய்டு மாத்திரையோடு கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சேர்க்கக் கூடாது என்று சொன்னேன். அக்கா ஒன்றுக்கு மேல் ஒரு நாளும் போட்டதில்லை, அவரைப் பாத்தியில் விழ வைத்தது நான் கொடுத்த கொசுறுதான் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் அவரே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: "வேறு மாத்திரை எது போட்டாலும் சொல்லவும். கொசுறு உட்பட."

ஆறு வாரம் கழித்து அக்கா வந்தார். ரிப்போர்ட் சரியாக இருந்தது. கை நடுங்கவில்லை. கொஞ்சம் சதையும் திரும்பியிருந்தது. கடையில் தொங்குகிற அட்டையை மகளை விட்டுப் படிக்கச் சொன்னாராம், அந்தக் கோபத்தில் இருந்தார்.

"எல்லார் எதிர்லயும் போட்டு ஒடைச்சியாமே?"

"சொல்லாம இருக்க முடியலக்கா."

"கொசுறுன்னு ஒருத்தி குடுத்தா வாங்கி வெச்சிக்கணும். திருப்பிக் குடுக்கறவளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பாட்டிலை எடுத்து வைத்தேன். வாங்கி இடுப்பில் செருகினார். நகரவில்லை.

மேஜைக்கடியில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினேன். அந்த மாத்திரையோடு சேரக்கூடியது அது ஒன்றுதான்.

அக்கா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மடமடவென்று குடித்து முடித்தார். அப்புறம் டம்ளரை மறுபடி என் முன்னால் நீட்டினார்.

"இன்னும் ஒரு வாய் ஊத்து."